முதுமையில் விழாமல் காக்கும் பயிற்சிகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

பைத்துல்மால் உதவி கோரி வரும் மருத்துவ மனுக்களை எமது குழு ஆண்டுதோறும் பரிசீலித்து வருகிறது. இதய நோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் என்று அவற்றில் பலவகை உண்டு. அவற்றினூடே ஒரு வகை மனு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ‘குளியலறையில் வழுக்கி விழுந்ததால்’, ‘இரவில் எழுந்தபோது தடுமாறி விழுந்ததால்’ என்று அது தொடங்கும். இடுப்பை அடுத்த தொடை எலும்பில் முறிவு, அறுவைச் சிகிச்சை, படுக்கை என்று அது முடியும். நாமும் இயன்றதைக் கொடுக்கிறோம், துஆச் செய்கிறோம், ‘வயதாகிவிட்டது, என்ன செய்வது?’ என்று கூறிக் கலைகிறோம். அந்தக் கடைசி வார்த்தை சரிதானா என்று கேட்பதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கிறது என்பது நமது ஈமான். அந்த ஈமானோடுதான் காய்ச்சலுக்கு மருந்து உண்கிறோம். வண்டிக்குப் பிரேக் பார்க்கிறோம். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுகிறோம். முதியோர் விழும் விஷயத்தில் மட்டும் ஏனோ முயற்சி என்ற ஒன்று இருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

நமது பள்ளியின் முதல் ஸஃப்பில் பல ஆண்டுகளாக இடம் பிடித்து வந்த ஒரு பெரியவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள், பெயர் வேண்டாம். ஒருநாள் பஜ்ருக்கு வந்தவர் ஹவுள் படியில் கால் இடறி உட்கார்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மணிக்கட்டில் சிறு வீக்கம், அவ்வளவே. செய்தி கேட்ட பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, “வாப்பா, இனி எங்கும் போகாதீங்க, வீட்டிலேயே உட்கார்ந்து தொழுதுக்கங்க” என்றனர். நல்ல நாற்காலி ஒன்றும் வாங்கிக் கொடுத்தனர். குறை சொல்ல இயலுமா? அத்தனையும் பாசம். ஆனால் சில மாதங்கள் கழித்து நாம் நலம் விசாரிக்கச் சென்றபோது, அந்த நாற்காலியிலிருந்து ஒருவர் கைகொடுக்காமல் அவரால் எழ முடியவில்லை. ஹவுள் படி செய்யாத கேட்டை நாற்காலி செய்துவிட்டது.

இதற்குக் காரணம் உண்டு. வயது ஏற ஏறக் கால் தசைகள் சிறிது சிறிதாக மெலிகின்றன. பயன்படுத்தாமல் வைத்தால் அந்த மெலிவு பன்மடங்கு விரைகிறது. முதியவர் ஒருவர் சில நாட்கள் படுக்கையில் இருந்தாலே காலின் வலிமை குறைந்துவிடும். நாம் நிலைகுலையாமல் நிற்பது கண், உட்காது, பாதத்தின் உணர்வு ஆகிய மூன்றும் மூளைக்குத் தரும் செய்தியால். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப் போகிறது. கண்ணில் புரை வளர்கிறது. செய்தி தாமதமாகவும் அரைகுறையாகவும் போய்ச் சேர்கிறது. கால் இடறும்போது ஓர் எட்டு முன்வைத்துச் சமாளித்துக் கொள்ளும் அந்த நொடி வேகம் குறைகிறது. ஒருமுறை விழுந்தவருக்கு மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் வந்து சேர்கிறது. அச்சத்தால் நடமாட்டம் குறைகிறது; நடமாட்டம் குறைவதால் தசை மெலிகிறது; தசை மெலிவதால் அடுத்த விழுகை நெருங்கி வருகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்போரில் முதியோரே மிகுதி. சாலை விபத்தைப் பற்றி நாள்தோறும் பேசும் நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டுக்குள் நடப்பதால் செய்தித்தாளிலும் வருவதில்லை.

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். நியூசிலாந்து நாட்டின் தென் தீவில் டனீடின் என்றொரு நகரம். அங்குள்ள ஒடாகோ பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் பேராசிரியர் ஜான் கேம்பெல், ஆய்வாளர் கிளேர் ராபர்ட்சன் ஆகியோரின் குழுவினர் முதியோர் விழுவதைப் பயிற்சியால் தடுக்க முடியுமா என்று சோதிக்க முனைந்தனர். தேர்ந்தெடுத்தது யாரை? திடகாத்திரமான அறுபது வயதினரை அன்று; 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்மணிகளை! நம் வீடுகளில் இந்த வயதில் உள்ள உம்மாமார்களிடம் உடற்பயிற்சி என்று சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் வீட்டுக்கு உடலியக்க மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், முதல் இரண்டு மாதங்களில் நான்கு முறை சென்று அவரவர் உடல்நிலைக்கு ஏற்பப் பயிற்சிகளைக் கற்றுக் கொடுத்தார். பிறகு தொலைபேசியில் ஊக்கம் கொடுத்து வந்தார். மறுபாதிப் பேருக்கும் அதே எண்ணிக்கையில் ஆட்கள் வீட்டுக்குச் சென்றனர்; ஆனால் பயிற்சி ஏதும் இல்லை, அமர்ந்து நலம் விசாரித்துப் பேசிவிட்டு வந்தனர். ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, நலம் மட்டும் விசாரிக்கப்பட்ட பிரிவில் 152 விழுகைகள். பயிற்சி செய்த பிரிவில் 88. இந்த முடிவு 1997-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது.

இந்த இரு எண்களும் நமது குழுவினரைச் சற்று வெட்கப்பட வைத்தன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நோயாளியை நலம் விசாரிப்பது நமக்கு சுன்னத். அதன் நன்மை வேறு, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நாம் போய் அமர்ந்து தேநீர் அருந்திவிட்டு வரும் அரை மணி நேரத்தில் பத்து நிமிடத்தை, அந்தப் பெரியவரை எழுந்து நிற்கச் செய்வதற்குச் செலவிட்டிருக்கலாமே!

டனீடினில் தொடங்கிய இந்தத் திட்டம் ‘ஒடாகோ பயிற்சித் திட்டம்’ என்ற பெயரில் பின்னர் பல நாடுகளுக்கும் சென்றது. 65 முதல் 97 வயது வரையிலான 1,016 பேர் பங்கேற்ற நான்கு ஆய்வுகளை 2002-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, விழுகைகளும் அவற்றால் ஏற்படும் காயங்களும் 35 விழுக்காடு குறைந்திருந்தன. இதில் நமக்குப் பயன்படக்கூடிய ஒரு நுட்பம் இருக்கிறது. அவ்வாய்வுகளுள் ஒன்றில் பயிற்சி கொடுத்தவர் பிசியோதெரபிஸ்ட் அல்லர். இத்துறையில் முன் அனுபவம் இல்லாத ஒரு செவிலியர். அவருக்குப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பயிற்சியளித்து மேற்பார்வையிட்டார். 75 வயதுக்கு மேற்பட்ட 240 பேரிடம் நடந்த அந்த ஆய்விலும் விழுகைகள் 46 விழுக்காடு குறைந்தன. ஆக, ஒவ்வொரு வீட்டுக்கும் நிபுணர் வர வேண்டும் என்பதில்லை. முறையாகக் கற்றுக் கொண்ட ஒருவர் போதும்.

அப்படி என்னதான் பயிற்சி என்று கேட்பீர்கள். கேட்பதற்கு மிக எளிமையாக இருக்கும்; அதனால்தான் பலர் நம்புவதில்லை.

கால்களுக்கு வலிமை தரும் பயிற்சிகள் ஐந்து. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை முன்னே நீட்டி முழங்காலை நேராக்கி மெல்ல இறக்குவது ஒன்று. எதையேனும் பிடித்து நின்று முழங்காலைப் பின்புறமாக மடக்கிக் குதிகாலை உயர்த்துவது ஒன்று. நின்றவாறே காலைப் பக்கவாட்டில் விலக்கி உயர்த்துவது ஒன்று. இம்மூன்றையும் கணுக்காலில் சிறு எடை கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். கடையில் விற்கும் எடைப்பட்டை இல்லையென்றால் தடித்த துணியில் மணலை நிரப்பித் தைத்துக் கட்டிக் கொள்ளலாம். அரைக் கிலோவில் தொடங்கி, பழகப் பழகக் கூட்டலாம். பத்து முறை செய்தபின் கால் சற்றே களைத்திருக்க வேண்டும். களைப்பே இல்லையென்றால் எடை போதவில்லை என்று பொருள். மற்ற இரண்டுக்கு எடை வேண்டாம். குதிகால்களை உயர்த்தி நுனிக்காலில் நிற்பதும், விரல்களை உயர்த்திக் குதிகாலில் நிற்பதும்தான் அவை.

அடுத்து, உடலின் சமநிலையைப் பழக்கும் பயிற்சிகள். விழாமல் காப்பதில் உயிர்நாடி இவைதாம். ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்நுனியைத் தொடும்படி ஒரே கோட்டில் நிற்பது, அவ்வாறே அடிமேல் அடிவைத்து நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, எட்டு என்ற எண்ணின் வடிவில் வளைந்து வளைந்து நடப்பது, ஒற்றைக்காலில் பத்து நொடி நிற்பது. தொடக்கத்தில் அடுப்படி மேடையையோ சுவர்க் கம்பியையோ பிடித்துக் கொண்டே செய்ய வேண்டும். நன்கு பழகிய பின், ஒருவர் அருகில் இருக்கும்போது, பிடியைத் தளர்த்திப் பார்க்கலாம். பிடித்துக் கொள்ளும் நாற்காலி சுவரோடு ஒட்டிய கனமான மர நாற்காலியாக இருக்கட்டும். பள்ளியில் நாம் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு ஆகவே ஆகாது. மொசைக் தரையில் அது வழுக்கிச் செல்லும் வேகம் நமக்குத் தெரியும்.

இவற்றுள் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்பவருக்கு நாம் பரிந்துரைப்பது, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதும் மீண்டும் அமர்வதும். முதலில் இரு கைகளையும் ஊன்றி எழலாம். சில வாரங்களில் ஒரு கை. பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஊன்றாமல் எழ வேண்டும். அமரும்போது தொப்பென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டும். இரண்டு கை ஒரு கையாகி, ஒரு கை இல்லாமலாகும் நாளில் அந்த முதியவரின் முகத்தைப் பாருங்கள்.

மொத்தம் அரை மணி நேரம். வாரத்தில் மூன்று நாட்கள். இடைப்பட்ட நாட்களில் இரண்டு முறையேனும் அரை மணி நேரம் நடை. இதுதான் ஒடாகோ திட்டம். வலிமைப் பயிற்சிக்கு மறுநாள் தசைக்கு ஓய்வு வேண்டும் என்பதால் அதை அடுத்தடுத்த நாட்களில் செய்வதில்லை. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும், மாத்திரை போலத்தான்.

இங்கே நமது ஜமாஅத்தில் வழக்கமாக எழும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

“நான் பஜ்ரு தொழுதுவிட்டுத் தினமும் ஆற்றுப் பாலம் வரை நடக்கிறேனே, போதாதா?” என்று கேட்கும் பெரியவர்கள் பலர். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஒருவரும் நிறுத்த வேண்டாம். ஆனால் விழுவதைத் தடுக்க நடை மட்டும் உதவும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. 2019-இல் காக்ரேன் அமைப்பு 25 நாடுகளைச் சேர்ந்த 108 ஆய்வுகளை, 23,000-க்கும் மேற்பட்ட முதியோரைப் பற்றியவற்றை, தொகுத்து ஆராய்ந்தது. உடற்பயிற்சி பொதுவாக விழுகைகளை 23 விழுக்காடு குறைப்பதாகவும், சமநிலைப் பயிற்சியோடு தசை வலிமைப் பயிற்சியும் சேர்ந்தால் 34 விழுக்காடு அளவுக்குக் குறைவதாகவும் அது கண்டது. சீனர்களின் தாய் சி என்னும் மெதுவான அசைவுப் பயிற்சிகூடப் பலன் தருவதாகத் தெரிந்தது. நடையைப் பற்றி மட்டும் அவ்வாறு திட்டமாகக் கூற இயலவில்லை. நடக்கும்போது சமநிலைக்குப் பெரிய சோதனை ஏதும் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி இன்னும் நுட்பமானது. “ஐவேளைத் தொழுகையே சிறந்த உடற்பயிற்சி, அதற்கு மேல் என்ன வேண்டும்?” என்பது. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் இதை நாம் அடிக்கடி கேட்கிறோம். கியாமிலிருந்து ருகூஉக்கும் ஸஜ்தாவுக்கும் சென்று மீண்டும் எழுவதில் கால், இடுப்பு, முதுகு ஆகிய அனைத்தும் இயங்குகின்றன என்பது உண்மையே. ஆயினும் தொழுகை வணக்கம். அதை உடற்பயிற்சிக் கணக்கில் வரவு வைப்பது அதற்குச் செய்யும் மரியாதையாக எமக்குத் தோன்றவில்லை. நடைமுறையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐம்பது ஆண்டுகளாகச் செய்து வரும் அசைவுக்கு உடல் பழகிவிடுகிறது. தசை வலுப்பெற வேண்டுமானால் பழகியதைவிடச் சற்றுக் கூடுதலான சுமை வேண்டும். கால் மெலியத் தொடங்கியதும் என்ன நடக்கிறது? ஸஜ்தாவிலிருந்து எழக் கையை ஊன்றுகிறோம். பிறகு தூண் ஓரமாக இடம் தேடுகிறோம். பிறகு நாற்காலி. நின்று தொழ இயலாதவருக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. யாருக்கு எப்போது சலுகை என்பதை ஆலிம்கள்தாம் சொல்ல வேண்டும், நாம் அதில் தலையிடவில்லை. ஆனால் பள்ளியின் பின்வரிசையில் ஆண்டுக்கு ஆண்டு நாற்காலிகள் பெருகுவதைப் பார்க்கிறோம். அவற்றில் அமர்ந்திருப்போருள் சிலரேனும் முறையான பயிற்சியால் மீண்டும் ஸஃப்பில் நிற்கக் கூடியவர்களே என்பது எமது குழுவின் கருத்து. தரையில் நெற்றியை வைத்து மீண்டும் ஒருமுறை ஸஜ்தாச் செய்ய முடியாதா என்று ஏங்குகிறவர்களை நாம் சந்தித்திருக்கிறோம்.

பயிற்சி எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடாது என்பதையும் அதே நியூசிலாந்து ஆய்வாளர்கள்தாம் காட்டினார்கள். பார்வை மிகக் குறைந்த, 75 வயது கடந்த 391 பேரிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. அவர்களிடையே வீட்டில் உள்ள இடறல்களை அகற்றிச் சீர்செய்ததுதான் விழுகைகளைக் கணிசமாகக் குறைத்தது. பயிற்சித் திட்டம் அவ்வாறு குறைக்கவில்லை. ஆகவே கண்ணில் புரை உள்ளவர்கள் முதலில் கண்ணைக் கவனியுங்கள். குளியலறையில் கைப்பிடி, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, தரையில் சுருளாத விரிப்பு, காலில் பிடிப்பான செருப்பு. கைலி கணுக்காலுக்குக் கீழே இழுபடாமல் இருக்கட்டும். தூக்க மாத்திரைகளும் ஒரு பெரும் காரணம். 1999-இல் வெளிவந்த அவர்களின் மற்றோர் ஆய்வில், அத்தகைய மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களிடம் விழுகைகள் 66 விழுக்காடு குறைந்தன. ஆனால் மருத்துவரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரை உண்போர் எழும்போது தலை சுற்றினால், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பஜ்ரு பாங்கு கேட்டதும் படுக்கையிலிருந்து துள்ளி எழாமல் சற்று அமர்ந்து பின் எழுவது நல்லது.

பயிற்சி தொடங்குமுன் இதய நோய், அண்மையில் எலும்பு முறிவு, அடிக்கடி மயக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். பயிற்சியின் இடையே நெஞ்சில் வலியோ மூச்சு முட்டலோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். தசையில் இலேசான வலி முதல் வாரத்தில் இயல்பு.

தாய்மார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி விரைந்து குறைகிறது. ஆகவே விழுந்தால் முறிவும் அவர்களுக்கே அதிகம். பள்ளிக்கு நடந்து வரும் பழக்கமாவது ஆண்களுக்கு உண்டு. நம் வீட்டு உம்மாமார்கள் பலர், அடுப்படியும் மருமகள் கைக்குப் போன பிறகு, நாள் முழுவதும் கட்டிலிலும் தஸ்பீஹிலுமாகக் காலம் கழிக்கின்றனர். பிள்ளைகள் பயணத்தில் இருக்கின்றனர். வீட்டில் அவர்கள் தனியே விழுந்தால் தூக்கிவிட ஆள் வருவதற்கே நேரமாகிறது. டனீடின் ஆய்வு வீட்டுக்குள்ளேயே, 80 வயது கடந்த பெண்களைக் கொண்டே நடந்தது என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். வெளியே வர வேண்டாம், யார் முன்னும் செய்ய வேண்டாம், தனி உடை வேண்டாம். மகளோ பேத்தியோ ஒருத்தி அருகில் நின்றால் போதும்.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நமது பகுதிக்கு என்ன ஏற்பாடு உள்ளது என்று கேட்டுப் பயன்படுத்திக் கொள்ளத் தயங்க வேண்டாம்.

இனி நிர்வாகத்திடம் எமது வேண்டுகோள்கள். ஹவுள் படிகளின் இருபுறமும் கைப்பிடிக் கம்பி வேண்டும். வெளிப்படியில் பஜ்ருக்கும் இஷாவுக்கும் எரியும்படி விளக்கு வேண்டும். ஒளூச் செய்யும் இடத்துத் தரை பாசி பிடிக்காமல் வாரந்தோறும் தேய்த்துக் கழுவப்பட வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, ஓர் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பைத்துல்மால் கொடுக்கும் தொகையைவிடக் குறைவாகவே இருக்கும்.

ரமளானுக்கு முன்னரே இதைத் தொடங்கிவிட வேண்டும் என்பது எமது ஆவல். தராவீஹில் நிற்கக் காலுக்கு வலிமை வேண்டுமே! சனி, திங்கள், புதன் ஆகிய நாட்களில் அஸருக்குப் பின் மதரஸா கூடத்தில் ஆண்களுக்குப் பயிற்சி நடைபெறும், இன்ஷா அல்லாஹ். நமது ஜமாஅத்தைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் சகோதரர் ஒருவர் முதல் எட்டு வாரங்கள் உடனிருக்க இசைந்துள்ளார். வீட்டுக்குச் சென்று தாய்மார்களுக்குக் கற்றுக் கொடுக்க விரும்பும் சகோதரிகள் நால்வர் வேண்டும்; அவர்களுக்கு அச்சகோதரரின் துணைவியார், அவரும் அதே துறையினரே, பயிற்சி அளிப்பார். பெயர் கொடுக்க விரும்புவோர் மோதினாரிடமோ பைத்துல்மால் அலுவலகத்திலோ கொடுக்கலாம். மர நாற்காலிகள் பன்னிரண்டு தேவைப்படுகின்றன. வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பழைய நாற்காலி யாரிடமேனும் இருந்தால், கால் ஆடாததாகப் பார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பி வையுங்கள்.